இரவல் மாணிக்கம்

கொள்ளுப் புடைக்கும்போது வாயைத் திறந்தால் தூசி தொண்டைக்குள் போய்விடும் என்பதால் பூவாத்தாளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும்; யார் வந்து என்ன கேட்டாலும் முறத்தைக் காட்டித் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டால் போதும், பதில் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குப் பேச வராது என்றில்லை. பேச்சு தொண்டை வரைக்கும் வரும், வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிற்கிற விருந்தாளி ஒறம்பரை மாதிரி நிற்கும், அதற்குள் எதிரில் இருப்பவர்கள் "அப்ப சரிங்கற" என்று எழுந்து போய்விடுவார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது, பத்தொன்பது வயதில் கல்லேரிவலசுக்கு வாக்கப்பட்டு வந்தது, இருபத்திரண்டில் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றது, இத்தனையும் அவள் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சரி என்று சொல்லாமலேயே நடந்திருந்தது.

கல்லேரிவலசு காங்கேயத்துக்குத் தெற்கே, சாமி மண்ணைப் போட மறந்து கல்லை மட்டும் கொட்டிவிட்டுப் போன ஊர். ஒரு மழை பெய்து விட்டால் ஆணும் பெண்ணும் குனிந்தபடியே காடு காடாக நடப்பார்கள், பார்க்கிறவனுக்கு ஊரே சேர்ந்து எதையோ தொலைத்துவிட்டது போலிருக்கும். பச்சையாகவும் பால் நிறமாகவும் தண்ணீர் நிறமாகவும் அகப்படுகிற கற்களை, பைக்கில் வருகிற வியாபாரி லென்சு வைத்துப் பார்த்து, "இது சும்மா கல்லுங்க" என்று சொல்லி, அந்தச் சும்மா கல்லைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு போவான். அந்தக் காட்டில் விளைந்து அந்தக் களத்திலேயே அடித்த கொள்ளு என்றால் படிக்கு ஒரு பிடி கல் இருக்கத்தான் செய்யும்.

அன்றைக்குச் சாயங்காலமும் அவள் கொள்ளைப் புடைத்து, கல்லைப் பொறுக்கி இடது பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். இடது பக்கத்தில் பாப்பா உட்கார்ந்திருந்தது. அதற்குப் பேர் தாரிகா என்று எண் பார்த்து வைத்திருந்தாலும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் தடுப்பூசி போடுகிற நர்சம்மா மட்டும்தான். பதினாலு மாசம் ஆகிறது. பத்தாம் மாசம் நடந்தது, பதினோராம் மாசம் கடித்தது, ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்பதாம் மாசமே "அம்மா" என்று சொன்னதை அதன் தாய் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். பூவாத்தாளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவளை ஊர் அம்மணி என்றது, புருசன் இந்தா என்றான், ஓரகத்தி தனபாக்கியம் ஏண்டி என்றாள், அவளுக்கென்று யாரிடமும் இல்லாத ஒரு பேர் பாப்பாவின் வாயில் இருக்கிறது, அது எப்போது வருமோ என்று அவள் காத்திருந்தாள்.

பாப்பா வாயைத் திறந்தது. பூவாத்தாளும் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை, கல் போனது. கோவைப்பழ நிறத்தில் பட்டாணி அளவில் ஒரு கல், பளிச்சென்று ஒரு கணம் நாக்கின் மேல் தெரிந்து, இவள் விரலை விட்டுத் துழாவுவதற்குள் முழுங்கி முடித்து, பாப்பா இவள் விரலையும் ஒரு கடி கடித்தது.

பொழுது சாய்ந்து கரண்டு போனபோது பாப்பாவின் வயிற்றில் வெளிச்சம் வந்தது. உள்ளங்கையை டார்ச்சு லைட்டின் மேல் வைத்தால் தெரியுமே, அந்த மாதிரிச் சிவப்பு, தொப்புளைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்கு. தனபாக்கியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் புள்ளயச் சித்த இங்க தூக்கிட்டு வாடி, ரசத்துக்குப் பெருங்காய டப்பாவக் காணோம்" என்றாள். டப்பா அகப்பட்டது. அதற்குப் பிறகுதான், "ஏண்டி, புள்ளைக்கு வயிறு எரியுது?" என்று கேட்டாள்.

"கொள்ளுல இருந்த கல்லுங்க்கா" என்று பூவாத்தாள் சொன்னாள், அல்லது சொல்வதற்கு வாயெடுத்தாள்.

மறுநாள் நர்சம்மா வந்து எடை போட்டு, காதில் குழாய் வைத்துக் கேட்டு, தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று சொல்லி, "தன்னால வந்துரும், தண்ணி நிறையக் குடுங்க, துணிய மட்டும் தினம் பாருங்க" என்றாள். விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று தனபாக்கியம் கேட்டதற்கு வேண்டவே வேண்டாம் என்றாள். சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் ஓடுகிற புருசன் நல்லசிவத்துக்குப் போன் போட்டபோது, மெசின் சத்தத்துக்கு மேல் அவன், "வெளிச்சமா இருக்குதா? கெடக்கட்டும், நம்மூருல கரண்டு போனா ஆகும். பால் குடிக்குதா? குடிச்சாச் செரி" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதமும் அப்படித்தான். ஆலமரத்தடியில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் வாய்க்கால் தண்ணீர் வந்துவிட்டதால் அதைப் பேசினார்கள். கரண்டு போனால் பாப்பாவைக் கேட்டு யாராவது வருவார்கள், ஊசியில் நூல் கோக்க, ஆட்டுக் காலில் முள் எடுக்க. சோசியர் மாரப்பன் வந்து ஒன்று சொல்லாமல் இருந்திருந்தால் அது அவ்வளவோடு நின்றிருக்கும்.

சோசியர் கல் வியாபாரியின் லென்சை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, பாப்பாவைப் பாயில் மல்லாக்கப் போட்டு, தொப்புளுக்கு மேல் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். பாப்பா அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது.

"மாணிக்கமுங்க" என்றார். "புள்ளி இல்ல, கீறல் இல்ல, புகைச்சல் இல்ல. கையில இந்தத் தழும்பு என்னுங்க?"

"தடுப்பூசிங்க" என்றாள் தனபாக்கியம்.

"அது தோசமில்ல, விடுங்க."

பிறகு அவர் பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூடியிருந்தவர்களுக்கு மாணிக்கத்தின் கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் வலன் என்று ஓர் அசுரன், யாராலும் செயிக்க முடியாதவன், அவனிடம் இந்திரன் போய் உன் உடம்பை வேள்விக்குக் கொடு என்று கேட்டான், கேட்டவன் எதிரி என்று தெரிந்தும் அசுரன் மனசாரக் கொடுத்தான், அவன் எலும்பு வைரமாச்சு, பல் முத்தாச்சு, கண் நீலமாச்சு, பித்தம் மரகதமாச்சு, சிந்தின ரத்தம் மாணிக்கமாச்சு. "புடுங்கியிருந்தா வெறும் எலும்புங்க, வெறும் பல்லுங்க. அவனாக் குடுத்தான் பாருங்க, அதனால ரத்தினம்." மாணிக்கம் சூரியனுடைய கல், அதிகாரத்தின் கல், அதைப் போட்டவன் சொல் அம்பலத்தில் ஏறும், நாலு பேர் கேட்பார்கள். நொய்யலாற்றங்கரையில் அந்தக் காலத்திலேயே நம்மவர்கள் கல்லைப் பட்டை தீட்டி மணியாகக் கோத்து யவனனுக்கு விற்றார்கள். "அவன் பொண்டாட்டி கழுத்துல போட்டுக்கிட்டா, நம்ம பொண்டாட்டி கொள்ளுப் புடைச்சா" என்றார் சோசியர்.

பூவாத்தாளுக்கு அதில் ஒன்றுதான் மனசில் நின்றது, யாரோ ஒரு அசுரனுடைய ரத்தம் தன் பிள்ளை வயிற்றில் இருக்கிறது, அவன் கெட்டவனில்லை போலிருக்கிறது.

ஊருக்கு நின்றது வேறு. மோதிரத்தில் கல் பதித்தால் அடியில் திறந்துதான் பதிப்பார்கள், கல் தோலில் படவேண்டும், பட்டால்தான் பலன். இந்தக் கல் பாப்பாவுக்குள் இருக்கிறது. அப்படியென்றால் பாப்பாதான் மோதிரம். அப்படியென்றால் பாப்பாவின் வயிறு மேலே பட்டால் போதும். சாதகத்தில் சூரியன் பலமில்லாதவர்கள் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அரசாங்கப் பரீட்சை எழுதுகிறவன் வந்தான், பெண் பார்க்கப் போகிறவன் வந்தான், வெளிநாட்டுக்கு விசா கேட்டிருக்கிறவன் வந்தான், பேச்சு எடுபடாத மாமியார் ஒருத்தி வந்தாள், பின்னாலேயே அவள் மருமகளும் வந்தாள், எல்லோரும் தனபாக்கியத்திடம் கேட்டு, பாப்பாவை வாங்கி, சட்டையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்கள். புதுக்கல்லைப் பாலில் போட்டு எடுத்த பிறகே போடவேண்டும் என்பதால் ஒவ்வொருவரும் ஒரு போசியில் பாலை ஊற்றிப் பாப்பாவின் காலை அதில் நனைத்தார்கள், நனைத்து நனைத்து, பாப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் பின்னால் நாலு பூனை வரிசையாகப் போயின. மாணிக்கத்துக்கு வைரம் ஆகாது, நீலம் ஆகாது என்று சோசியர் சொல்லியிருந்ததால், மூக்குத்தி போட்டவர்கள் கழற்றிவிட்டு வாங்கினார்கள், நீலக்கல் மோதிரக்காரர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்சினார்கள்.

பாப்பா இன்னும் பேசவில்லை என்று தெரிந்ததும் அடுத்த கூத்து ஆரம்பித்தது. மாணிக்கத்தை வயிற்றில் வைத்திருக்கிற பிள்ளை முதலில் என்ன சொல்கிறதோ அது பலிக்கும் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று பிற்பாடு கேட்டபோது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். அன்றிலிருந்து பாப்பாவின் காதில் வார்த்தை ஊற்றாத ஆளில்லை. பரீட்சைக்காரன் "பாஸ், பாஸ்" என்றான். விசாக்காரன் "விசா" என்றான். கிணறு வற்றினவர் "மழை சொல்லு கண்ணு, மழை" என்றார். தனபாக்கியம் பாப்பாவுக்குச் சோறூட்டும்போது, தன் மகன் ஒன்பதாவதில் இரண்டு வருசமாக உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டு, "பத்தாவது, பத்தாவது" என்று சொல்லி ஊட்டினாள். பாப்பா எல்லாவற்றையும் கண்ணை உருட்டிக் கேட்டுக்கொண்டது. எதையும் சொல்லவில்லை.

பெற்றவள் மட்டும் எதையும் ஓதவில்லை. ராத்திரி பக்கத்தில் படுக்க வைத்து, சிவப்பு வெளிச்சத்தில் அந்த வாயையே பார்த்துக்கொண்டு கிடப்பாள், நாக்கு நுனி வரைக்கும் வரும், சொல்லித் தரலாமா என்று இருக்கும். கேட்டு வாங்குகிற வார்த்தை கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போட்ட சங்கிலி மாதிரி, விடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றும், தூங்கிப் போவாள். பகலில் பாப்பா யார் வீட்டிலோ இருக்கும். அது அந்த வார்த்தையை வேறு எந்த வீட்டிலாவது வேறு யாரையாவது பார்த்துச் சொல்லிவிட்டால், முதல் தடவை என்பது முடிந்துபோகுமே, அதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது என்பதுதான் அவள் கவலை. யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

அப்படியிருக்கும்போதுதான் எண்ணெய் மில் அர்த்தநாரி வந்தார்.

அர்த்தநாரி உள்ளாட்சித் தேர்தலில் தலைவருக்கு நிற்கிறார். மூன்றாவது தடவை நிற்கிறார். ஆளைப் பார்த்தால் அதிகாரம் இருக்கிற உடம்புதான், குரல்தான் வாய்க்கவில்லை. மேடையில் மைக் பிடித்தால் தேங்காய் நார் உரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். சூரியன் நீசம் என்று சோசியர் சொல்லியிருந்தார்.

"அம்மணி" என்றார் அர்த்தநாரி. "கல்லு ஒத்துக்குதா இல்லையான்னு மூணு நாள் ஊட்டுல வெச்சுப் பாக்கோணும், அது முறை. வியாழன், வெள்ளி, சனி. பாப்பாவ எங்க ஊட்டுல வெச்சுக்கறோம். நீ பால் குடுக்க வந்துட்டுப் போ. என்ன சொல்ற?"

பூவாத்தாள் அப்போதும் கொள்ளுதான் புடைத்துக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தூசி உள்ளே போனது. இருமல் வந்து, தலை மேலும் கீழும் நாலு தடவை ஆடிவிட்டது.

"நல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார். பூனைகளும் போயின.

அந்த மூன்று நாளும் பூவாத்தாள் நாளுக்கு நாலு தடவை மில்லுக்கு நடந்தாள். கொப்பரை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்தாள். மூட்டைக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரியும் அவர் வீட்டம்மா சம்பூரணமும் கல் ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்று வழக்காடிக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் மில் மோட்டார் புகைந்துபோனது. இரண்டாம் நாள் ஏழு வருசத்துக்கு முன் தொலைந்த பீரோ சாவி மாவுச் சட்டியில் கிடைத்தது. மூன்றாம் நாள் பசு ஒரே பிரசவத்தில் இரண்டு கன்று போட்டு, இரண்டும் காளையாகப் போயிற்று.

"ஒத்துக்குதுன்னு சொல்றதா, இல்லைங்கறதா?" என்றார் அர்த்தநாரி.

"எனக்கு ஒத்துக்கல" என்றாள் சம்பூரணம். முப்பது வருசமாகப் போட்டிருந்த வைர மூக்குத்தியை அவள் பாப்பாவுக்காகக் கழற்றி வைத்திருந்தாள். அந்த ஓட்டை வழியாகக் காற்றுப் போய் மூன்று நாளும் தும்மிக்கொண்டிருந்தாள். "பொழுதன்னிக்கும் அதும் காதுல 'செயம், செயம்'னு நீங்க கத்தற கத்துல புள்ள மெரண்டு கெடக்குது."

"செயம்னு சொல்லுச்சா?"

"கொட்டாவிதான் உட்டுச்சு."

மூட்டைக்கு இந்தப் பக்கம் பூவாத்தாள் மூச்சு விட்டாள்.

சனிக்கிழமை சோசியர் வந்து, பீரோ சாவி கிடைத்தது பெரிய விசயம், கல் ஒத்துக்கொண்டது, ஆகவே ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தேர்தல் முடிகிற வரைக்கும் பாப்பா மில்லிலேயே இருக்கட்டும் என்றார். ஆனால் முறைப்படி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சூரிய ஓரையில், கிழக்கே பார்த்து நின்று, கல்லுக்குச் சொந்தக்காரர் தன் வாயால் மூன்று தடவை "மனசாரக் குடுத்தேன்" என்று சொல்லிக் கொடுத்து வாங்கினால்தான் மாணிக்கம் வேலை செய்யும். இல்லையென்றால் திருப்பி அடிக்கும். அசுரன் கதையை ஒரு தடவை மறுபடியும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொப்பரை உலர்த்துகிற களத்தில் ஊரே நின்றது. பரப்பியிருந்த தேங்காய் மூடிகளை ஓரமாக ஒதுக்கி, நடுவில் ஒரு பலகை போட்டு, பால் போசி வைத்து, கல் தோலில் படவேண்டும் என்பதற்காக அர்த்தநாரி சட்டையில்லாமல் கிழக்கே பார்த்து நின்றார். பக்கத்தில் சம்பூரணம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தும்மினாள். எதிரில் பூவாத்தாளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"மணி ஆறு பத்து" என்றார் சோசியர், செல்போனைப் பார்த்து. "ஏழு வரைக்கும் ஓரை இருக்குது. சொல்லு அம்மணி."

பூவாத்தாள் நின்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள், வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று, வேலியில் இருந்த ஓணானிடம்கூட ஒரு தடவை சொன்னாள், நன்றாக வந்தது. இங்கே வந்து நின்றதும் அந்த ஒறம்பரை மறுபடியும் வாசலிலேயே நின்றுவிட்டது. வேண்டாம் என்பதும் வரவில்லை, குடுத்தேன் என்பதும் வரவில்லை.

"சொல்லுடி" என்றாள் தனபாக்கியம். "அவ பேசமாட்டாளுங்க சோசியரே. பேசலீன்னாச் செரின்னு அர்த்தமுங்க. நாலு வருசமா எங்க ஊட்டுல அப்படித்தான் நடக்குது."

"ஊட்டுக்குச் செரிங்க. கல்லுக்கு அந்த அர்த்தம் தெரியாதுங்களே."

"நாஞ் சொல்றனுங்க. பெரியம்மாதான நானு?"

"பெத்தவதான் சொல்லோணும்."

ஆறரை ஆனது. ஆறே முக்கால் ஆனது. கூட்டத்தில் ஒருவர், மாமரத்தில் குயில் கூவும் வரைக்கும் காத்திருக்கிற மாதிரி, கையைக் காதுக்கு வைத்துக்கொண்டு நின்றார். பூவாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஒன்று அவளுக்கு மெல்லத் தெரிந்தது: இத்தனை பேரும் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்படி யாரும் நின்றதில்லை. அவளைப் பெண் பார்க்க வந்தபோதுகூடக் காப்பியைப் பார்த்தார்கள், பாத்திரத்தைப் பார்த்தார்கள், சரியா என்று அவளைக் கேட்டுவிட்டு அவள் சித்தப்பா முகத்தைப் பார்த்தார்கள்.

ஏழு மணி அடித்தது. ஓரை போய்விட்டது.

"மத்தியானம் ஒண்ணுலருந்து ரெண்டு மறுபடியும் சூரிய ஓரைங்க" என்றார் சோசியர். "அதுக்குள்ள புள்ளையத் தேத்துங்க."

ஒரு மணி வரைக்கும் ஊரைப் பட்டினி போட முடியுமா? அர்த்தநாரி வீட்டில் காலையில் இட்டிலி, பதினொரு மணிக்கு மோர், பன்னிரண்டுக்குச் சாப்பாடு, வடையோடு. இவர் தேர்தலில் நின்றதற்கு இன்றைக்குத்தான் பலன் என்று சாப்பிட்டவர்கள் பேசிக்கொண்டார்கள். பூவாத்தாளை நடுவில் உட்கார வைத்துத் தேன் கொடுத்தார்கள், மிளகு கசாயம் கொடுத்தார்கள், பேசாத பிள்ளைகளுக்குத் தேய்க்கிற வசம்பைச் சுட்டு இழைத்து, இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் நாக்கை நீட்டச் சொல்லித் தேய்த்தார்கள். எதிரில் உட்கார்ந்து பாப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தனக்குத் தேய்த்தபோது அம்மா பிடித்துக்கொண்ட மாதிரியே, எட்டி வந்து அம்மாவின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது.

ஒரு மணிக்கு மறுபடியும் எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். உச்சி வெயில், உண்ட மயக்கம். ஒன்றரை வரைக்கும் சொல்லு அம்மணி, சொல்லு கண்ணு என்றார்கள். ஒன்றே முக்காலுக்கு அர்த்தநாரி, தேங்காய் நார்க் குரலில், "அம்மணி, என்ற முதுகு வேகுது" என்றார். இரண்டுக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போது சம்பூரணத்தின் இடுப்பில் இருந்த பாப்பா கண்ணைக் கசக்கி, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. கொட்டாவிக்கு வயிற்று வெளிச்சம் ஒரு தடவை ஏறி இறங்கியது.

பூவாத்தாள் தலையை நிமிர்த்தினாள்.

"பாப்பாக்குத் தூக்கம் வருதுங்க" என்றாள். "எங்கிட்டக் குடுங்க. ஊட்டுக்குப் போறோமுங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கோழிக்குத் தவிடு வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் பதினாலு மாசப் பிள்ளையின் வயிறு விளக்காக எரிந்தபோது பெருங்காய டப்பா தேடின ஊர், இப்போது வாயடைத்துப் போய் நின்றது. கையைக் காதுக்கு வைத்திருந்தவர் கையை எடுக்க மறந்தார். தனபாக்கியம் பக்கத்தில் இருந்தவளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பேசிட்டா" என்றாள், "பேசிட்டா பாத்தியா" என்றாள். அந்த அதிசயத்தைப் பிறகு பல வருசம் அந்த ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. பூவாத்தாள் எண்ணெய் மில் களத்தில் மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசின அன்று என்றுதான் அந்த வருசத்தையே குறித்தார்கள், கல் பேச்சு அதற்கு நடுவில் எங்கோ ஓரமாக வரும்.

சம்பூரணம் பாப்பாவைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு, "என்ற மூக்குத்தியக் கொண்டாங்க யாராச்சும்" என்றாள்.

"அப்ப எனக்கு?" என்றார் அர்த்தநாரி, சோசியரைப் பார்த்து.

"நம்ம கையில என்னுங்க இருக்குது? சொந்தக்காரி வாயில சொல்லு வந்துருச்சு, அது மாணிக்கத்தோட வேலைதான். பெத்தவ மேலதான அது பொழுதன்னிக்கும் பட்டுக்கிட்டு இருந்துது, அவளுக்கு வேலை செஞ்சிருச்சு." சோசியர் செல்போனைப் பைக்குள் போட்டார். "நீங்க ஒரு புஷ்பராகம் போட்டுப் பாருங்க. சின்னதா. சட்டையப் போடுங்க மொதல்ல."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனபாக்கியம் கூடவே வந்தாள். பாப்பா தோளில் தூங்கியது. ஆலமரத்தைத் தாண்டும்போதுதான் அவள் கேட்டாள்.

"ஏண்டி, உனக்குப் பேச வருமா?"

"வருமுங்க்கா."

"வேற என்ன பேசுவ?"

பூவாத்தாள் பாப்பாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "மிச்சக் கொள்ள நீங்க புடைங்க்கா" என்றாள்.

அதற்குப் பிறகும் ஆள் வந்தார்கள். விசாக்காரன் வந்தான். பூவாத்தாள் கதவைப் பாதி திறந்து, "பாப்பா வெளையாடுதுங்க" என்றாள், அவன் போய்விட்டான். பரீட்சைக்காரனிடம் "நீங்க படிங்க" என்றாள். ஒறம்பரை இப்போது செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே வந்துவிடுகிறது. பூனைகள் இரண்டு நாள் வாசலில் பார்த்துவிட்டு, மில்லுக்கே போய்விட்டன.

புதன்கிழமை காலையில், பாப்பா தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்க, கிணற்றடியில் அதன் ஜட்டிகளைத் துவைக்க உட்கார்ந்தவள், நர்சம்மா சொன்னபடி முதல் துணியைப் பிரித்துப் பார்த்தாள். போன வழி இல்லாவிட்டாலும் அதற்கென்று இருக்கிற வழியில் கல் வந்திருந்தது. இரண்டு மூன்று தண்ணீர் விட்டு, சோப்புப் போட்டு, மறுபடியும் தண்ணீர் விட்டு அலசி, துவைக்கிற கல்லின் மேல் அந்தச் சிவப்புக் கல்லை வைத்தாள். வெயிலில் அது சும்மா கல் மாதிரியும் இருந்தது, யாரோ ஒருவன் மனசாரக் கொடுத்த ரத்தம் மாதிரியும் இருந்தது. இனி இதை என்ன செய்வது என்று அவள் நுரைக் கையோடு யோசித்தாள், நல்லசிவத்துக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா, சொன்னால் பால் குடிக்குதா என்றுதான் கேட்பான், சோசியரிடம் காட்டலாமா, காட்டினால் அசுரனை மூன்றாம் தடவையும் எழுப்புவார், பேசாமல் அர்த்தநாரிக்கே கொடுத்தனுப்பிவிடலாமா, மூன்று தடவை என்ன முப்பது தடவை சொல்லலாம், இதை மனசாரக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, பாவம் மனுசன் அன்றைக்கு முதுகு வெந்து நின்றார், என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கோழி ஒன்று தத்தித் தத்தித் துவைக்கிற கல்லின் மேல் ஏறி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மாணிக்கத்தைப் பார்த்தது, அவள் கோழியைப் பார்த்தாள், சூ என்று சொல்ல வாயெடுத்தாள், அப்போது வீட்டுக்குள் தொட்டிலில் விழித்த பாப்பா, இத்தனை நாளும் யாரும் அதன் காதில் ஓதாத அந்த ஒரே வார்த்தையை, தெளிவாக, "அம்மா" என்று, பதில் வரவில்லையே என்று கொஞ்சம் கோபமாக இன்னொரு தடவையும் "அம்மா" என்று கூப்பிட, அவள் நுரையும் துணியும் கோழியும் கல்லும் அப்படியே கிடக்க உள்ளே ஓடினாள்.